அளவுப் பூனை

பூவரச நாட்டு மன்னருக்கு ஒரு கோடையில் தூக்கம் பிடிக்காமல் போனது. இரவுச் சாப்பாட்டைக் குறைக்கலாம் என்றார் மருத்துவர். குடிமக்களின் சத்தத்தைக் குறைக்கலாம் என்றார் தலைமை அமைச்சர். மன்னருக்கு இரண்டாவது யோசனைதான் பிடித்திருந்தது.

விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டின் ஓசையும் அளவை மீறக் கூடாது என்று சட்டம் வந்தது. அளவு என்றால் எவ்வளவு என்று சபை கூடி ஆராய்ந்தது. மகாராணி வளர்த்த சாம்பல் நிறப் பூனையை அரசாங்க அளவுகோலாக நியமித்தார்கள். சோதனைக்குப் போகும் வீட்டு வாசலில் மெத்தை விரித்துப் பூனையைப் படுக்க வைக்க வேண்டும். அது காதை ஆட்டினால் எச்சரிக்கை, கண்ணைத் திறந்தால் அபராதம், எழுந்து நின்றால் சத்தம் போட்ட பொருள் பறிமுதல். அரசின் முரசு மட்டும் ஓசையில் சேராது என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

சட்டத்தை மக்கள் மறந்துவிடக் கூடாதே என்று அந்தி முழுக்க முரசு தெருத்தெருவாகப் போனது. புகார் சொல்ல வருபவர் அரண்மனை வாசலில் நின்று உள்ளே கேட்கும்படி கூவ வேண்டும். அப்படிக் கூவினால் அதுவே குற்றம். நாட்டில் ஒரு புகார்கூட இல்லை என்று சபையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கால்வாய்த் தெருவின் கடைசி வீட்டில் சொர்ணக்கிளி இருந்தாள். அவள் கணவன் மாசிலாமணிக்குக் கண் தெரியாது. ஊருக்கு வெளியே கயிறு திரித்துவிட்டு அந்திக்குத் திரும்புவான். அவர்கள் வீட்டைத் தாண்டினால் சுவரில்லாத கால்வாய். அதனால் சொர்ணக்கிளி வாசலில் நின்று பித்தளைத் தாம்பாளத்தை அகப்பையால் தட்டுவாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவன் வந்து சேருவான். அவள் கோபமாக இருந்தால் அடி வேகமாக விழும். தூரத்திலேயே அது தெரிந்து அவன் சிரித்துக்கொண்டு வருவான். எனக்கு அந்த இரண்டு பேரையும் மிகவும் பிடிக்கும்.

ஓசைக் கண்காணிப்பாளர் மகுடபூபதி ஒருநாள் முரசோடும் பூனையோடும் வந்தார். பூனை எழுந்து நின்றது. தாம்பாளம் பறிபோனது.

"ஐயா, முரசுச் சத்தத்துல பூனை முன்னமே முழிச்சிக்கிட்டுதானே இருந்துச்சு?"

"முரசு ஓசை அல்ல, அம்மா. அது அறிவிப்பு."

மறுநாள் அவள் கைதட்டினாள். அந்திக்குப் பின் இரு கைகளும் ஒன்றையொன்று தொடலாகாது என்று திருத்தம் வந்தது. அதற்கடுத்த அந்தியில் வீட்டைத் தாண்டிப் போய் மாசிலாமணி கால்வாயில் விழுந்தான். எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் தூக்கி வந்தார்கள்.

"தெரு நீண்டுபோச்சுன்னு நெனச்சேன் கிளி" என்றான் ஈரத்தோடு. அவள் சத்தமில்லாமல் அழுதாள். அழுகைக்கும் அளவு உண்டு.

"இனிமே என்ன ஆனாலும் தட்டுவேன். நீங்க பாட்டுக்கு வாங்க" என்றாள்.

மறுநாள் கதவு நிலையில் அகப்பையால் தட்டினாள். மகுடபூபதி வந்துவிட்டார். அன்று முரசுத் தோல் கிழிந்து, மாற்று முரசு வரத் தாமதம். பூனையை மெத்தையில் வைத்தார்கள். பாவம், முரசோடு அலைந்து பல நாள் தூக்கமில்லாத ஜீவன். சொர்ணக்கிளி தட்டிக்கொண்டே இருந்தாள். பூனை சுருண்டு தூங்கிவிட்டது.

மாசிலாமணி வந்து வாசலில் நின்றான். "வீட்டுல புதுசா ஒரு மூச்சு கேக்குதே, யாரு?"

"அரசாங்கம்" என்றாள் அவள்.

அப்போது மாற்று முரசு வந்து முழங்கியது. பூனை துள்ளி எழுந்து அவன் தோளில் ஏறிக்கொண்டது. மகுடபூபதி காலி மெத்தையைச் சுருட்டிக்கொண்டார். பிறகு சபைக்குப் போய், அளவை மீறுவது முரசு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்.

"பூனை விலைபோய்விட்டது" என்றார் தலைமை அமைச்சர். மகுடபூபதியைக் கடலோரத்துக்கு மாற்றினார்கள், அலையின் ஓசையை அளப்பதற்கு. பதவி போன பூனை தானாகவே கடைசி வீட்டைத் தேடி வந்துவிட்டது.

புதுப் பூனை பதவியேற்றது. அதன் சுதந்திரத்தில் அரசு ஒருபோதும் தலையிடாது என்று மன்னர் அறிவித்தார். வழிகாட்டுதலுக்காக மட்டும் அதன் வாலில் மெல்லிய கயிறு ஒன்று கட்டப்படும், மறுமுனை தலைமை அமைச்சர் கையில் இருக்கும். கயிறு திரிக்கும் உத்தரவு மாசிலாமணிக்கு வந்தது.

"இதையுமா நீங்க செஞ்சு குடுக்கப்போறீங்க?" என்றாள் சொர்ணக்கிளி.

"உத்தரவாச்சே."

பழைய பூனையை மடியில் போட்டுக்கொண்டு பகல் முழுக்கத் திரித்தான். முடிந்ததும் அவள் கயிற்றை விரலால் தடவிப் பார்த்தாள். பூனைக்கு உறுத்தாத மெத்தென்ற கயிறு. நடுவில் ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

"இங்க இழை கம்மியா இருக்கே. இழுத்தா அறுந்துருமே?"

"அப்படியா?" என்றான் மாசிலாமணி, பூனையின் காதைத் தடவிக்கொண்டே. "எனக்குத்தான் கண்ணு தெரியாதே."