பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்

புது மருமகள்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காத உதவியைச் செய்யச் சொல்லிக் கை துறுதுறுக்கும். எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலையில் இருந்தது.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் என் மாமியாருக்கு ஒரு சின்னக் கடை. பட்டுப் புடவைகளை நீராவி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, கொசுவம் மடித்து, ஊக்கு குத்திக் கொடுப்பார். அந்தப் பெட்டிக்கு ஆவி அனுப்புவது மேசையோரம் நிற்கும் ஒரு குட்டி பாய்லர். இறுக்கமான மூடி போட்ட இரும்பு உருளை. பட்டர்வொர்த்தில் வளர்ந்து, வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த எனக்கு அது ஒரு பெரிய பிளாஸ்க் மாதிரிதான் தெரிந்தது. (பிளாஸ்க் திறக்கத் தெரியாதவர் உண்டா?)

மறுநாள் என் நாத்தனார் செல்விக்குக் கல்யாணம். அவளுடைய சந்தன நிற முகூர்த்தப் புடவை, பாதி தேய்த்தபடி மேசையில் விரிந்து கிடந்தது. மாமியார் பூ வாங்கக் கிளம்பினார்.

“பாய்லர்ல தண்ணி முடியப் போவுதும்மா. சுவிட்ச அடைச்சிட்டேன். ஆறட்டும், நான் வந்து ஊத்திக்கிறேன்.”

“நானே ஊத்துறேன் அத்தை.”

“வேணாம்லா. நீ உக்காந்து தேத்தண்ணி குடி.”

குடித்தேன். பாதி குடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. தேநீர் ஆறினால் பாய்லரும் ஆறியிருக்க வேண்டும். இதுதான் என் விஞ்ஞானம். மூடியே இல்லாத கோப்பையும் மூச்சுவிட வழியில்லாத பாய்லரும் ஒன்றல்ல என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

துணியைச் சுற்றி மூடியைத் திருகினேன். அசையவில்லை. அசையாத மூடி ஏதோ சொல்லப் பார்க்கிறது என்று புரிந்துகொள்கிற பெண்ணாக நான் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு.

முதலில் ஒரு சீறல் கேட்டது. அடுத்து மூடி என் கையை விட்டுப் பறந்தது. உள்ளே மிச்சமிருந்த கொதிநீர் துருவோடு பீய்ச்சியடித்து, மேல்கூரையைத் தொட்டுவிட்டு, நேராகப் புடவை மேல் இறங்கியது. நான் துணி மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தேன். எழுந்து பார்த்தால், சந்தனப் பட்டு முழுக்கக் காப்பி நிறப் புள்ளிகள். சிறுத்தைத் தோலை விரித்துப் போட்ட மாதிரி இருந்தது.

மாமியார் வந்தார். பூப் பொட்டலம் கைநழுவி விழுந்தது. அவர் புடவைப் பக்கம் திரும்பவேயில்லை.

“மொகத்தக் காட்டு. கண்ணு தெரியுதா?”

“தெரியுது அத்தை. புடவை…”

“புடவய விடு. கையக் காட்டு.”

மணிக்கட்டு மட்டும் சிவந்திருந்தது. அதைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டே திட்டினார். “ஆவி மொகத்துல அடிச்சிருந்தா உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?” அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

பிறகு செல்வி வந்தாள். புடவையையே வெகுநேரம் பார்த்தாள். என்னால் கல்யாணமே நின்றுவிடப் போகிறது என்று நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

“அண்ணி, உங்க கல்யாணப் புடவ பச்சதானே?”

“கிளிப்பச்சை.”

“அதக் குடுங்க, கட்டிக்கிறேன். இது ரோசாக் ஆயிருச்சி, கெட்டது போவட்டும். அம்மா எடுத்த இந்தக் கலரு எனக்கு மொதல்லேருந்தே புடிக்கல.”

“இத இப்பதான் சொல்றியாடி?” என்று மாமியார் அவள் பக்கம் திரும்பினார். அவ்வளவு நன்றியோடு நான் வேறெந்தச் சண்டையையும் வேடிக்கை பார்த்ததில்லை.

கல்யாணம் ஜோராக நடந்தது. பாழான புடவைக்குப் பொருத்தமாகத் தைத்த சந்தன நிற ஜிப்பாவில் மாப்பிள்ளை, பக்கத்தில் கிளிப்பச்சையில் செல்வி. ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கிளிஜோசியர் ஞாபகம் வருகிறது என்கிறார்கள்.

எனக்கு நிலைத்தது பெயர்தான். செல்வி வைத்தது, அடுத்த தலைமுறைக்கும் போய்விட்டது. போன மாதம் கூரியர்காரர் கடை வாசலில் என் முழுப்பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். செல்வியின் ஐந்து வயது மகள் நன்றாக யோசித்துவிட்டு, “அந்த மாதிரி யாரும் இங்க இல்ல அங்கிள். பாய்லர் அத்தை மட்டும்தான் இருக்காங்க” என்று பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.