ரப்பர் சக்கரத்துக்கு வைத்த பொட்டு

அன்று மர்பி டவுன் வீட்டில் இருந்தவர்கள்: என் மாமியார். என் மனைவி செல்வி. தங்கவயலிலிருந்து வந்த முனிரத்தினம். நான். மேசைமேல் ரேடியோவும் கேசட்டும் பாடுகிற ஒரு டூ-இன்-ஒன் செட்.

தப்பு செய்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (அன்றைக்கு அதைச் சொல்ல ஒரு மணி நேரம் பிடித்தது.)

செட் என் மைத்துனன் பாபுவுடையது. இரண்டு ஸ்பீக்கர், தூக்க ஒரு கைப்பிடி. அப்போதே அதற்குப் பத்து வயது. துபாய்க்குப் போகும்போது எங்களிடம் விட்டுப் போனான். அவன் கடிதம் எழுதமாட்டான். அவன் இருந்த கேம்ப்பில் ஃபோனும் கிடையாது. சொல்ல வேண்டியதைக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவான்.

அவனுக்குப் பெண் பார்த்திருந்தோம். முனிரத்தினத்தின் மகள். போட்டோ துபாய்க்குப் போயிருந்தது. பதில் கேசட்டாக வந்திருந்தது.

"பையன் வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும்," என்றார் முனிரத்தினம். "சாயந்திரம் வண்டிக்கு நான் போவணும். மாலூர்ல ஒரு கண்டக்டர் பையன் வீட்டுல பதில் கேட்டுனு நிக்கிறாங்க."

நல்ல காரியம் என்று மாமியார் முதலில் சாமி பாட்டு போடச் சொன்னார். போட்டேன். செட் அதைத் தின்றது. மூடியைத் திறந்தால் டேப் குடல் மாதிரி வெளியே வந்தது. சினிமாப் பாட்டு போட்டேன். அதையும் தின்றது.

"பாபு கேசட்ட போடாதீங்க மாப்ள," என்றார் மாமியார். "என் புள்ள பேச்சையும் மென்னுடும்."

நான் பாக்டரியில் லேத் ஓட்டுகிறவன். "ரெண்டு நிமிசம்," என்றேன். நாற்பது ஆனது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். தகடுகளை உப்புத்தாளால் தேய்த்தேன். பின்பக்கத்தைத் திறந்து, தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். உள்ளிருந்த பெல்ட்டை எடுத்து முகர்ந்தேன். ஏன் முகர்ந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"வாசனை சரியா இருக்கா தம்பி?" என்றார் முனிரத்தினம்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். கேசட் போடும் இடத்தில் விரலை விட்டேன். டேப்பை அழுத்தி ஓட்டுகிற ரப்பர் சக்கரம் ஒன்று அங்கே உண்டு. அதில் விரல் ஒட்டியது. வெளியே எடுத்தால் சிவப்பு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று நாள் முன்னால் ஆயுத பூஜை. எங்கள் பாக்டரியில் பொட்டை மெஷினின் உடம்பில் வைக்கமாட்டோம். எது உழைக்கிறதோ அதில்தான் வைப்போம். வீட்டிலும் அப்படியே செய்தேன். மிக்ஸிக்கு பிளேடில். தையல் மிஷினுக்கு ஊசிக்குக் கீழே. செட்டுக்கு அந்த ரப்பர் சக்கரத்தில். சந்தனம் குழைத்து, மேலே குங்குமம். தாராளமாக. அதற்குப் பிறகு அன்றுதான் செட்டைப் போட்டோம்.

"இன்னாங்க இது, கைய கிழிச்சிக்கினீங்க," என்றாள் செல்வி.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக் கட்டினாள். மாமியார் ஊதிவிட்டார்.

"ஆழமா பட்டுச்சா தம்பி?" என்றார் முனிரத்தினம்.

"லேசாத்தான்," என்றேன்.

கட்டுப் போட்ட விரலோடு யாருக்கும் தெரியாமல் சக்கரத்தைத் துடைத்தேன். ஒட்டிப்போன குங்குமம் சும்மா வராது. தையல் மிஷின் எண்ணெயைத் தொட்டுத் துடைத்தேன். முடிந்ததும் இரண்டு சொட்டு கூடவே விட்டேன். சுற்றுகிற எதற்கும் எண்ணெய் விடுவது என் வழக்கம்.

பாபு கேசட்டைப் போட்டேன். செட் தின்னவில்லை. மாமியார் கும்பிட்டார். பாபு பேசினான்.

"அ...ம்...மா... நா...ன்... பா...பு..."

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். தொய்ந்தது, எழுந்தது, மறுபடி தொய்ந்தது. நன்றாகக் குடித்தவன் படி ஏறுகிற மாதிரி இருந்தது.

முனிரத்தினம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பையன் தண்ணி போடுவாருன்னு நீங்க சொல்லலியேம்மா."

"என் புள்ள டீகூட குடிக்கமாட்டான்," என்றார் மாமியார்.

"பெத்த தாய்க்கு அனுப்புற கேசட்டுக்கே இப்படின்னா, கட்டிக்க வர்றவ கதி இன்னா?" அவர் கால் செருப்பைத் தேடியது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கட்டை அவிழ்த்தேன். காயமில்லாத விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"குங்குமம். நான்தான் செட்டுக்குள்ள வச்சேன். பூஜைக்கு. அப்புறம் எண்ணெய் விட்டேன். வழுக்குது. பாபு குடிக்கல."

(என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.)

அவர் நம்பவில்லை. செல்வி மீதியிருந்த ஒரு கேசட்டை எடுத்துப் போட்டாள். ஒரு பெண் பாடிய தாலாட்டு. ஆம்பளைக் குரலில் தள்ளாடியது.

"இந்தம்மாவும் தண்ணி போட்டுக்கினா பாடுது?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள்.

முனிரத்தினம் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பினார். "ரப்பர்லயா எண்ணெய் விட்ட? முப்பது வருசம் சுரங்கத்துல ஆளுங்கள எறக்குற இஞ்சின் ஓட்டினவன் நான். பிரேக்குல எண்ணெய் பட்டா இன்னா ஆவும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருக்கமாட்ட."

சோப்புத் துணி கேட்டு வாங்கினார். அவரே துடைத்தார். வேட்டி முனையால் ஈரம் ஒற்றினார். "ஆயித்து. இப்ப போடு."

பாபு குரல் பாபு குரலாகவே வந்தது. "அம்மா, நான் பாபு. போட்டோ பாத்தேன். எனக்குச் சம்மதம். பேசி முடிச்சிடு. அக்கா, ஒரு விசயம். மாமா என் செட்ட தொறக்காம பாத்துக்கோ."

முனிரத்தினம் சிரித்து முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது. மாலூர் வீட்டுக்கு வேண்டாம் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார். தையில் கல்யாணம் நடந்தது.

பாபு இப்போது பொம்மனஹள்ளியில் இருக்கிறான். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவான். நான் குங்குமத் தட்டைக் கையில் எடுத்ததும், குடித்தவன் மாதிரி இழுத்து இழுத்து, "மா...மா... எங்...க... வைக்...கப்... போ...றீங்...க..." என்பான். அவன் மனைவி சிரிப்பாள். அவன் மகளும் இப்போது சேர்ந்து இழுக்கிறாள். நான் பொட்டு வைத்துக்கொண்டே போவேன். எத்தனை வருடமாகச் சொல்கிறான் என்று எண்ணி வைத்திருக்கிறேன்.

பதினேழு.