கயலுக்கு முகில் என்ன முறை?

“சார், இந்தப் பொண்ணு அவ அண்ணனுக்கே லவ் லெட்டர் குடுக்குறா” என்றாள் கயலுக்குக் குரல் கொடுக்கும் இஃப்ரா, மைக்கை விட்டு நகர்ந்து.

வடபழனி டப்பிங் ஸ்டுடியோவில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஃபிரெட்ரிக்குக்கு வியர்த்தது. ஏசி பதினெட்டில் இருந்தது.

ஜப்பானியக் கார்ட்டூன் தொடருக்குத் தமிழ் வசனம் எழுத அவன் ஒப்புக்கொண்டதே, ரசிகர்களுக்கென்று யாரோ தொகுத்த முந்நூறு ஜப்பானியச் சொற்களை நம்பித்தான். அதில் பாதி அடிப்பதற்கு, மீதி அழுவதற்கு. முகங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்து, பெயர்களும் ஒன்றுபோலவே கேட்டதால் நாயகி கயல், நாயகன் முகில் என்று மாற்றிவிட்டான். அவள் மூச்சுக்கு மூச்சு அழைக்கும் ‘சென்பாய்’தான் இடித்தது. பட்டியலில் ‘பள்ளியில் மூத்தவர்’ என்றிருந்தது. ‘சீனியர்’ என்று எழுதலாம். ஆங்கிலம் கூடாது என்பது மும்பைக் கம்பெனியின் கண்டிப்பு. ‘அண்ணா’ என்று எழுதினான். மூன்று எபிசோட் முடிந்துவிட்டது; இந்தக் கடிதம் நாலாவதில். கம்பெனி தினம் ஒன்றுதான் அனுப்பும். அடுத்ததில் என்ன வருமென்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

“பழசைத் திருப்பி எடுக்கலாமா பாய்?” சவுண்ட் இன்ஜினியர் மெஹபூப் அலியிடம் கேட்டான்.

“எடுக்கலாம். ஆனா ரீடேக்னா வேற ரைட்டர்னு சொல்லிக்கீறாங்க.”

ஆறு மாதத்தில் கிடைத்த ஒரே வேலை. ஃபிரெட்ரிக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தான்: “ஊருக்காக அண்ணான்னு கூப்பிட்டாலும் நீ என் அத்தை பையன்தானே.”

“தப்பிச்சோம்” என்றாள் இஃப்ரா.

ஐந்தாவது எபிசோடில் முகிலின் அம்மா, கயலின் அப்பா முன்னால் இடுப்பு வரை குனிந்து, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருப்பதாகச் சொன்னாள்.

“கூடப்பொறந்த அண்ணன்கிட்டயே யாருன்னு சொல்லிக்கினு கீது” என்றார் மெஹபூப் அலி.

“சண்டை பாய். கல்யாணப் பந்தியில அப்பளம் வெக்கலன்னு இருவது வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. தெரியாத மாதிரி நடிக்கிறாங்க.” அதையும் வசனத்தில் நுழைத்தான்.

ஆறாவதில், பூ உதிரும் மரத்தடியில், கயலின் அப்பா முகிலின் அம்மாவுக்கு மோதிரம் நீட்டினார்.

இஃப்ரா ஹெட்போனைக் கழற்றினாள்.

“சார், எங்க வீட்ல நான் கார்ட்டூனுக்குப் பேசுறேன்னு சொல்லியிருக்கேன்.”

“இருமா.” ஃபிரெட்ரிக் தாளில் கோடு கோடாக இழுத்தான். “அவங்க கயல் அப்பாவோட தங்கச்சி இல்ல. கயலோட செத்துப்போன தாய்மாமாவோட மனைவி. மாமன் பொண்டாட்டியும் அத்தைதானே? ஒரு வார்த்தைகூட மாத்த வேணாம்.”

“சூப்பர் சார்.” இஃப்ரா ஹெட்போனை மாட்டினாள். மறுபடி கழற்றினாள். “ஆனா இந்தக் கல்யாணம் நடந்துட்டா முகில் கயலுக்கு அண்ணன் ஆயிடுவானே?”

ஃபிரெட்ரிக் பேனாவை மூடினான். போனை எடுத்து, ‘இந்தத் தொடரை எழுத எனக்குத் தகுதியில்லை, மன்னிக்கவும்’ என்று கம்பெனிக்குத் தட்டினான்.

மெஹபூப் அலி எட்டி அவன் கையைப் பிடித்தார்.

“அனுப்பாத சார், தப்பு அவங்களுது; நாலாவதுலேர்ந்து அனுப்புறது வேற சீரியலு, கதை நல்லா போய்க்கினு இருந்துச்சேன்னு நான் கம்முனு இருந்துட்டேன்.”