குறைபாடு தெளிவாகத் தெரியும் படம்

பிள்ளைகளுக்குக் கண் இருக்கிறது என்ற உண்மை 1937ஆம் வருஷம் கல்வி இலாகாவுக்குப் புலப்பட்டது. உடனே ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றுப்புறத்துச் சுகாதாரக் குறைபாடு ஒன்றைப் போட்டோ பிடித்து, வகுப்பில் மாட்டி, பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிந்திக்கும்படி செய்யவேண்டியது. ஜன்னல் வழியே பார்த்துச் சிந்திப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கோச்சடைக்கு அப்பால் ஒரு பெண்கள் பாடசாலை. அதன் ஒரே உபாத்தியாயினி வசுந்தரா. சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்ததும் அவளுக்குச் சந்தோஷமே வந்துவிட்டது. பாடசாலைக் கிணற்றை ஒட்டித்தான் ஊர்க் குப்பைமேடு. மழை பெய்தால் குப்பைத் தண்ணீர் கிணற்றில் இறங்கும். போன ஐப்பசியில் ஏழு பிள்ளைகளுக்கு வாந்திபேதி. மேட்டை அகற்றச் சொல்லி அவள் எழுதிய நாலு மனுக்களும் 'கவனிக்கப்படும்' என்ற பதிலோடு அடங்கிவிட்டன. மனுவைப் படிக்காதவர்கள் படத்தையாவது பார்க்கமாட்டார்களா? இந்த ஐப்பசிக்குள் கிணறு பிழைத்துவிடும்.

சிம்மக்கல்லிலிருந்து போட்டோக்காரர் வெங்கடரமணன் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் மேட்டைக் காணோம். ஊர்க் குடியானவர் காசிமாயன் நாலு வண்டி பூட்டி, அம்புட்டையும் தன் வயலுக்கு எருவாக அடித்துவிட்டார். அந்த இடத்தில் சாணி தெளித்துத் தேர்க்கோலம் போட்டிருந்தது. கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு சோலையம்மாள் முன்னால் நிற்க, எண்ணெய் வழிய வாரிய தலையோடு ஊரே அவள் பின்னால் வரிசையாக நின்றது.

"குப்பை எங்கே?" என்றாள் வசுந்தரா.

"நல்லாக் கேட்டீக போங்க! படம் பிடிக்கிற அன்னைக்குக் குப்பையோடவா நிப்பாக?" என்றாள் சோலையம்மாள். "எங்களை எம்புட்டுக் கேவலமா நெனச்சுப்பிட்டீக, டீச்சரம்மா!"

நாலு மனு செய்யாததை ஒரு காமிராப் பெட்டி செய்துவிட்டது. வசுந்தராவுக்குக் கண் கலங்கியது. பிடித்த படத்தை அப்படியே இலாகாவுக்கு அனுப்பினாள்.

பத்தாம் நாள் டெப்டி இன்ஸ்பெக்டர் வெங்கடசுப்பிரமணியன் படத்தோடு வந்து இறங்கினார். பூதக்கண்ணாடி வைத்து அதை மூலைமூலையாகச் சோதித்தார்.

"குறைபாடு எங்கே, அம்மா?"

"நீங்கிவிட்டது, சார்."

"நீங்குவது மூன்றாம் பருவத்துப் பாடம். இது முதல் பருவம்."

"நேரிலேயே பாருங்கள், சார். கிணற்றடி இப்போது..."

"படத்தைப் பரிசோதிக்கத்தான் எனக்கு உத்தரவு. கிணற்றடியைப் பரிசோதிக்க அதிகாரம் இல்லை." ஜன்னல் கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "குறைபாடு இல்லாத பாடசாலைக்கு அங்கீகாரத்தை எப்படிப் புதுப்பிப்பது? அடுத்த திங்கட்கிழமைக்குள் வேறு படம் வந்தாகவேண்டும்."

அங்கீகாரம் போனால் பாடசாலை போயிற்று. அறுபது பிள்ளைகளும் ஆடு மேய்க்கப் போகவேண்டியதுதான். ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு, சாயங்காலம் அவள் காசிமாயனிடம் போய்த் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அண்ணே, குப்பையைத் திரும்பக் கொட்ட முடியுமா?"

"கொட்டாதீக, கொட்டாதீகன்னு எங்க கால்ல விழாத குறையாச் சொன்னது நீங்கதான?"

"படம் பிடித்ததும் எடுத்துவிடலாம்."

"எருவை வயல்ல இறைச்சாச்சு. புதுசாத்தான் சேக்கணும். படிச்சவுக சொல்றீக, செஞ்சுருவோம்."

வீட்டுக்கு நாலு கூடை என்று ஊர் வரி போட்டுக்கொண்டது. பார்வையாக இருக்கட்டும் என்று சோலையம்மாள் ஒரு செத்த கோழியை உச்சியில் வைத்தாள். போட்டோக்காரர் வெங்கடரமணன் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கிணற்றுப் பக்கமாகத் தள்ளுங்கள். படத்துக்குள் அடங்கவில்லை" என்றார். முந்தானையைச் செருகிக்கொண்டு வசுந்தராவே தள்ளினாள்.

படத்தைக் கண்டு இலாகா மெய்சிலிர்த்தது. ஜில்லாவிலேயே சிறந்த குறைபாடு என்று பாராட்டுப் பத்திரம் வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. மற்றப் பாடசாலைகள் வந்து படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஏதுவாக, மேற்படி மேட்டை வருஷ முடிவுவரை கலைக்கலாகாது. பார்க்க வந்த கூட்டத்தைக் கண்டு ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. மேடு கொஞ்சம் அமுங்கினாலும் ஆளுக்கொரு கூடை கொண்டுவந்து நிரவினார்கள்.

ஐப்பசி பிறந்தது. மழையும் வழக்கம்போல் பெய்தது.

வாந்திபேதி வராமல் மிஞ்சிய இருபத்திரண்டு பிள்ளைகள் படத்தைப் பார்த்துப் பரீட்சை எழுதினார்கள். கடைசிக் கேள்வி: 'இந்த அசுத்தத்துக்குக் காரணம் யார்?' இருளாயி மட்டும் 'எங்கள் டீச்சர்' என்று எழுதியிருந்தாள்.

வசுந்தரா அந்த இரண்டு சொற்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இலாகா அனுப்பியிருந்த விடைக் குறிப்பைப் புரட்டினாள். 'பாமர மக்களின் அறியாமை' என்று அதில் அச்சிட்டிருந்தது. சிவப்பு மையால் அடித்துப் பூஜ்யம் போட்டு, சரியான விடையைப் பத்துத் தரம் எழுதிவரச் சொன்னாள்.

இருளாயி மறுநாளே எழுதிக்கொண்டு வந்தாள். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.