பின்பக்கம் ஓடிய தேரும் மூன்று திருத்தங்களும்

முருகனுடைய வெள்ளித் தேரைப் பின்பக்கமாக ஓட்டிய ஒரே பாவி இந்தப் பினாங்குத் தீவில் நான்தான். சாலையில் அல்ல, கணிப்பொறித் திரையில். ஆனால் அதைப் பார்த்தவர், என் அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த வீட்டு அம்மா. சாலையிலேயே ஓட்டியிருந்தால்கூட இவ்வளவு வம்பு வந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. பகலில் புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில், செய்து முடித்த சர்க்கியூட் பலகைகளில் பழுது இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை. (அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிக்க எனக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். என் தப்பைக் கண்டுபிடிக்க யாருக்கும் கொடுக்கவில்லை.) வீடு திரும்பினால் ஜெலுத்தோங் அடுக்குமாடியில், பழைய கணிப்பொறி ஒன்றின் முன்னால் உட்கார்ந்து விளையாட்டு எழுதுவேன்.

முதலில் எழுதியது பெர்ரி விளையாட்டு. கடல் தாண்டிப் பட்டர்வொர்த் போகும் பெர்ரிப் படகில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் இடிக்காமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்துக் கணிப்பொறிக் கடைச் சீனர் அதை டிஸ்கட்டில் போட்டு விற்றுத் தந்தார். வாங்கியவர்கள் எல்லாரும் “அடுத்தது எப்போ?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. முதல் விளையாட்டைப் பயந்து பயந்து எழுதினேன், பத்துப் பேரிடம் காட்டித் திருத்தினேன். இரண்டாவதைத் தலைக்கனத்தோடு எழுதினேன், ஒருவரிடமும் காட்டவில்லை.

அந்த இரண்டாவதுதான் தேர். தைப்பூசத்துக்கு முதல் நாள் ஊருக்குள்ளிருந்து கிளம்பும் தேரைத் தண்ணீர்மலைக் கோயில்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியெல்லாம் சாக்குச் சாக்காகத் தேங்காய் உடைக்கலாம். உடைக்க உடைக்கத் தேர் வேகம் பிடிக்கும். இதில் நான் மிகவும் பெருமைப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. தொடங்கும்போது உங்கள் வீட்டு எண்ணைத் தட்டிவிட்டால், அந்த எண் போட்ட வீடு திரையில் வரும். வாசலில் ஓர் அம்மா அர்ச்சனைத் தட்டோடு நிற்பார். தேர் உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கும். இப்படி நாற்பது டிஸ்கட் தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்பே விற்றுப்போயின. நாற்பத்தொன்றாவதை நான் இலவசமாகக் கொடுத்தேன். வினை அதில்தான் போய் உட்கார்ந்தது.

என் அக்கா பரமேஸ்வரிக்கு அப்போது முப்பத்தொரு வயது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். அரசாங்க அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலை அவளுக்கு. என் படிப்பு முடியட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே வந்தாள்; அது முடிந்தபோது வருகிற வரன்கள் குறைந்துவிட்டன. கடைசியாக வந்தவர் நடேசன். மாக் மண்டினில் பட்டறை மேற்பார்வையாளர், பட்டர்வொர்த்தில் தாயாரோடு வீடு, அதிராத பேச்சு. அக்காவுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் வாயால் சொல்லவில்லை, ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு இரண்டு முட்டை விழுந்தது.

அவர் வீட்டில் கணிப்பொறி இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். நான் சும்மா இருக்கலாம் அல்லவா? “நம்ம கையால செஞ்சதுண்ணே” என்று டிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். நான்காம் நாள் தொலைபேசி வந்தது.

“தம்பி, உங்க தேரு பின்னால போவுது லா.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“நல்லாத்தான் வந்துச்சு. எங்க பதினேழாம் நம்பர் வாசலுக்குக் கிட்ட வந்துட்டு, அப்படியே கெளம்புன எடத்துக்கே ரிவர்ஸ் எடுத்துப் போயிருச்சு.”

“எவ்ளோ தேங்காய் உடைச்சீங்க?”

“முன்னூத்தி இருபத்தெட்டுச் சாக்கு. அம்மா பக்கத்துல உக்காந்து, இன்னும் உடை, இன்னும் உடைன்னாங்க.”

சாக்குக்கு நூறு தேங்காய். எனக்கு உடனே விளங்கிவிட்டது. தேங்காயை எண்ணக் கணிப்பொறிக்குள் நான் ஒதுக்கியிருந்த இடத்தில் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரைதான் கொள்ளும். அதற்கு மேல் ஒன்று சேர்ந்தாலும் கணக்கு தலைகீழாகி, பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். வேகம் தேங்காயைப் பொறுத்தது. தேங்காய் பூஜ்யத்துக்குக் கீழே போனால் தேர் பின்னால்தானே போகும்? நான் பத்துச் சாக்கு உடைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டவன். பினாங்கில் பிறந்து, வருஷா வருஷம் சாலையில் சிதறிக் கிடக்கும் தேங்காயில் கால் வைத்து நடந்தவன், தேர் வருகிற நாளில் இந்த ஊரில் யாரும் பத்தோடு நிறுத்தமாட்டார்கள் என்பதை மறந்து போனேன்.

“அம்மா என்னண்ணே சொன்னாங்க?”

“சகுனம் சரியில்லையாம். தைப்பூசம் போவட்டும், அப்புறம் பேசலாம்னு சொல்லச் சொன்னாங்க.”

‘அப்புறம் பேசலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாண வயதில் அக்கா தங்கை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடித்த ஒன்றையே பிரித்து மறுபடி மடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனிமேல் கணிப்பொறியைத் தொடமாட்டேன், அந்த நாற்பது பேர் முகத்திலும் விழிக்கமாட்டேன் என்று புலம்பினேன்.

“நீ வெக்கப்பட்டு உள்ள உக்காந்தா தேரு நேரா ஓடிடுமா?” என்றாள். “எங்க ஆபீஸ்ல ஒரு சர்குலர் போனா, பின்னாலயே பிண்டான் போவும். தப்பு இதுதான், இப்படித் திருத்தியாச்சு, பழசுக்குப் பதிலா இத வச்சிக்கோங்கன்னு. டத்தோ பட்டம் வாங்குன பெரிய பெரிய அதிகாரியே கையெழுத்துப் போட்டு அனுப்புறாரு. உனக்கு என்னா வந்துச்சு?”

பிண்டான் என்றால் திருத்தம். அரசாங்க அலுவலகத்தில் அது தினசரிக் காரியம். பிழை நேர்வதில் அங்கே யாருக்கும் வெட்கமில்லை, பிழையைத் திருத்தாமல் விடுவதுதான் வெட்கம். கணிப்பொறி உலகம் முழுவதும் பிற்பாடு செய்யப்போவதை, ஜெலுத்தோங்கில் ஒரு டைப்பிஸ்ட் அன்றைக்கே எனக்கு உத்தரவாகப் போட்டாள்.

இரண்டே நாளில் தேங்காய்க் கணக்குக்குப் பெரிய இடம் ஒதுக்கினேன். இரண்டாவது விளையாட்டு, முதல் திருத்தம் என்பதால் புது டிஸ்கட்டில் 2.1 என்று எழுதினேன். அக்கா ஒரு துண்டுத் தாள் டைப் அடித்துத் தந்தாள். “பிண்டான் எண் 1. அதிகத் தேங்காய் உடைத்தால் தேர் பின்னோக்கிச் செல்லும் பிழை நீக்கப்பட்டது. தவற்றுக்கு வருந்துகிறோம்.” அதை எடுத்துக்கொண்டு மோட்டாரோடு பெர்ரி ஏறினேன். மற்ற நாற்பது பேர் காத்திருக்கலாம், பதினேழாம் எண் காத்திருக்க முடியாது.

நடேசனின் தாயார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “வாங்க தம்பி” என்றார், சிரிக்கவில்லை. முட்டி வலியால் மூன்று வருஷமாக அவர் கடல் தாண்டித் தீவுக்கு வந்து தேர் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நடேசன் நானூறு சாக்கு உடைத்தார். தேர் முன்னால் வந்தது. பதினேழாம் எண்ணை நெருங்கியது. நிற்காமல் போய்விட்டது. ஒன்றைத் திருத்தும் அவசரத்தில், வாசலில் நிற்கச் சொல்லும் வரியை நான் அழித்திருக்கிறேன். திரையில் அந்தக் குட்டி அம்மா தட்டோடு நின்றுகொண்டே இருந்தார்.

“நம்ம வீட்டப் பாக்காமலே போயிட்டாரு” என்றார் தாயார், மெதுவாக. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். விளையாட்டுத்தானே என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு அது விளையாட்டு இல்லை. எனக்கும் அந்த நிமிஷத்திலிருந்து இல்லாமல் போனது.

வாசல்வரை வந்த நடேசன், கையிலிருந்த துண்டுத் தாளைக் காட்டி, “இத யாரு டைப் அடிச்சது?” என்றார். அக்கா என்றேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெர்ரியில் திரும்பும்போது அதைப் பற்றி யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அடுத்த ஞாயிறு 2.2. பிண்டான் எண் 2 சொன்னது: “தேர் வீட்டு வாசலில் நின்று, தீபாராதனை முடிந்ததும் புறப்படும். முந்தைய திருத்தத்தில் நேர்ந்த தவற்றுக்கும் வருந்துகிறோம்.” நடேசன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் டிஸ்கட்டைப் போட்டார். தேர் வந்தது. பதினேழாம் எண் வாசலில் நின்றது. குட்டித் திரையில் குட்டிக் கற்பூரம் எரிந்தது. தாயார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உயிர் வந்தது.

ஒரு நிமிஷம் ஆனது. கற்பூரம் எரிந்தது. இரண்டு நிமிஷம் ஆனது. கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது, தேர் அசையவில்லை. தீபாராதனையைத் தொடங்கச் சொன்ன நான், முடியச் சொல்ல மறந்திருந்தேன். மூன்றாவது தடவை! அக்காவின் முகம் கண்முன் வந்தது. நடேசன் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“புறப்படும்னு போட்டிருக்கு தம்பி.”

பொய் சொல்லியிருக்கலாம். இப்படித்தான் வைத்தேன், பக்திக்காக என்று அடித்துவிட்டிருக்கலாம். ஆனால் அக்கா டைப் அடித்த தாள் அவர் கையில் இருந்தது. அதன் மேல் பொய்யை வைக்க எனக்கு மனம் வரவில்லை. “இதுவும் தப்புதாண்ணே. கெளம்பணும், கெளம்பல. என் தப்பு. டிஸ்கட்டக் குடுங்கம்மா, திருத்திக் கொண்டாறேன்” என்று கையை நீட்டினேன்.

“யாரு கெளம்பச் சொன்னா?” என்றார் தாயார். கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை. “மூணு வருஷமா நான் போவ முடியல. இப்ப அவரே பெர்ரி ஏறி வந்து நம்ம வாசல்ல நிக்கிறாரு. நீ என்னா, தொரத்தப் பாக்குற? அதத் தொடாத.”

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவரே கேட்டார்.

“அந்தக் காகிதம் ரெண்டும் ஒங்க அக்கா எழுதுனதா?”

“ஆமாம்மா. தப்பு என்னுது, எழுத்து அவளுது.”

“ரெண்டுலயும் வருந்துறோம்னு போட்டிருக்கா. இந்த வீட்டுல இதுவரைக்கும் எவனும் எதுக்கும் வருந்துனதில்ல, இவன் அப்பாவையும் சேத்துத்தான் சொல்றேன்.” நடேசன் தரையைப் பார்த்தார். “வருந்தத் தெரிஞ்ச ஒருத்தி வரட்டும் லா இங்க. நல்ல நாள் பாக்கச் சொல்லு.”

தைப்பூசத்துக்கு முன்னால், நாற்பது வீடுகளுக்கும் மோட்டாரில் போய் 2.3-ஐக் கொடுத்தேன், பிண்டான் எண் 3-உடன். அதில் தேர் முன்னால் போகும், நிற்கும், ஒழுங்காகக் கிளம்பும். சிலர் திட்டினார்கள், சிலர் காப்பி கொடுத்தார்கள். ஒருவர் பின்னால் போகும் தேரைத்தான் பிள்ளைகள் விரும்புகிறார்கள், பழையதே இருக்கட்டும் என்றுவிட்டார். அன்றிலிருந்து எதை எழுதினாலும் கொடுத்த கையோடு மறந்துவிடுவதில்லை. கொடுத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது என்பது அந்த நாற்பது வாசல்களில் நின்றபோது எனக்குப் புரிந்தது.

பதினேழாம் எண்ணில் மட்டும் 2.3 நுழையவே இல்லை. அந்தக் கணிப்பொறி செத்துப்போகும்வரை, நினைத்தபோதெல்லாம் தேர் அந்த வாசலுக்கு வந்து நின்று, நகர மறுத்துக்கொண்டிருந்தது. நாளடைவில் எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்த 2.2 ஒரு பட்டப்பெயராகிவிட்டது. வந்த விருந்தாளி கிளம்பவில்லை என்றால், “ரெண்டு புள்ளி ரெண்டு லா” என்று அடுப்படியில் முணுமுணுப்பார்கள்.

அக்காவும் மாமியாரும் ஒத்துப்போனார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மிளகாய்த்தூளில் தொடங்கி வாசல் விளக்குவரை எல்லாவற்றுக்கும் சண்டை. ஒரு தீபாவளிக்கு நான் போயிருந்தபோது சண்டை உச்சத்தில் இருந்தது. “நான் பேசாம எங்க வீட்டுக்கே போயிடுறேன்” என்றாள் அக்கா. மாமியார் நாற்காலியிலிருந்து அசையவே இல்லை.

“நீ எங்கடி போவ? நீயும் ரெண்டு புள்ளி ரெண்டுதான். வந்து நின்னுட்ட. திருத்த வேணாம்னு அன்னிக்கே நான்தான சொன்னேன்” என்றார்.