தகட்டின் மேல் தாய்மாமன்

எனக்குப் பதற்றம் வந்தால் முகத்தில் தெரியாது. கை மட்டும் தானாகப் பட்டியல் போட ஆரம்பித்துவிடும். (‘எவ்ளோ நிதானமான பொண்ணு, எந்நேரமும் எதையாவது எழுதிக்கிட்டே இருக்கு’ என்று கடலூரில் எங்கள் பங்குக் கோயிலில் எனக்கு நல்ல பெயர்.) சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அப்படிப் போட்ட ஒரு பட்டியல்தான் என் மானத்தை வாங்கியது.

முதலில் ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருக்கக் காரணம் அதன் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். உலோகத்தை இழுத்தால் நீளும். படலம் நீளாது, வெடிக்கும். முகத்தில் கடலை மாவைப் பூசிக் காயவைத்துவிட்டுச் சிரித்துப் பாருங்கள், புரியும். வெடிப்பு எங்கே தொடங்கும், எவ்வளவு இடைவெளியில் வரும் என்று முன்கூட்டியே கணக்கிட கணினியில் ஒரு மாடல் செய்திருந்தேன். அதை ஆய்வுக் குழுவின் முன் செய்து காட்ட வேண்டும். குழு சரியென்றால் ஆய்வேடு எழுதத் தொடங்கலாம். இல்லையென்றால் பட்டம் கைக்கு வராது. ஏற்கெனவே ஒருமுறை கெஞ்சிக் கால நீட்டிப்பு வாங்கியிருந்தேன்.

சோதனைக்கான தகடுகள் மெல்லியவை. முனைகள் அகலமாகவும் நடுவே குறுகலாகவும் ஐஸ்கிரீம் மரக்கரண்டி போல இருக்கும். உலையில் சூடாக்கி, படலம் தேன் நிறத்துக்கு வரும்வரை காத்திருந்து எடுத்தவை. ஆய்வகத்தில் வைத்தால் யாராவது தொட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து, ஒரு புது எவர்சில்வர் டப்பாவில் மூடி வைத்தேன். அக்கா ஜெசிந்தாவின் கல்யாணத்துக்காகச் சீர் பாத்திரங்கள் ஹாலில் குவிந்திருந்த நேரம் அது. அந்தக் குவியலுக்குள் டப்பாவைச் செருகினேன். (இவ்வளவு பாத்திரங்களுக்கு நடுவில் இதை யார் திறக்கப் போகிறார்கள்? நான் பொறியியல் படித்தவள்.)

எங்கள் தாய்மாமாவுக்குக் குறிஞ்சிப்பாடியில் பாத்திரக்கடை. சீர் முழுக்க அவர் கொடுத்தது. பெயர் வெட்டும் மிஷினையும் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் அறையில் ஸ்லைடு தயாரித்துக்கொண்டிருந்தபோது ஹாலில் ‘டர்ர்ர்’ என்று சத்தம். கவனம் சிதறுகிறது என்று எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டியதும், ஒருமுறை பார்த்துக்கொள்வோமே என்று டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் புள்ளி புள்ளியாக, அழகான கையெழுத்தில், ‘தாய்மாமன்’.

போன் செய்தேன்.

“மாமா, அந்த டப்பாவுல இருந்ததுலயும் பேரு போட்டீங்களா?”

“ஆமாம் பாப்பா. ஐஸ்கிரீம் ஸ்பூன்தான? எடம் பத்தல, அதான் ஊர் பேரு போடல. கோச்சுக்காத.”

“எல்லாத்துலயுமா?”

“ஒண்ணு விடலயே! நாளைக்கு யாரு குடுத்தான்னு தெரிய வேணாமா?”

உடனே பட்டியல் போட்டேன். ஒன்று, இறங்கி வீட்டுக்குத் திரும்புவது. இரண்டு, கைடு மேடத்திடம் உண்மையைச் சொல்வது. மூன்று, தகட்டைத் திருப்பி மாட்டுவது. படலம் இரண்டு பக்கமும் இருக்கிறது, பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? மூன்றாவதற்கு டிக் அடித்தேன். டிக் அடித்ததும் மனசுக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

குழு உட்கார்ந்தது. தகட்டை இழுவை இயந்திரத்தில் திருப்பி மாட்டினேன். கேமரா அதன் மேல்பரப்பைப் பெரிதாக்கித் திரையில் காட்டியது. “வெடிப்புகள் ரூல் நோட்டுக் கோடுகள் மாதிரி, சம இடைவெளியில் வரும்” என்று என் மாடலின் சார்பில் அறிவித்துவிட்டு பொத்தானை அழுத்தினேன்.

மிஷின் ஒரு பக்கம் குத்தினால் மறுபக்கம் புடைக்கும் என்பது என் பட்டியலில் இல்லை. புடைத்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் விரிந்திருந்த படலம், இழுக்க இழுக்க வாய் திறந்தது. திரையில் முதலில் ஒரு புள்ளி. பிறகு ஒரு சுழி. கோடு ஒன்றுகூட வரவில்லை. இயந்திரத்தை நிறுத்தலாமா என்று கை துடித்தது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே என்று பயம். அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது.

வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் தலையைச் சாய்த்தார். “என்னம்மா இது, எழுத்து மாதிரி இருக்கு?”

போனில் படம் எடுத்து, இடவலமாகத் திருப்பி, சத்தமாகப் படித்தார். “தாய்மாமன்.”

நான் அவசரமாக இயந்திரத்தை நிறுத்தினேன்.

“எங்க மாமா, சார்.”

“எந்த மாமா?”

“தாய்மாமா, சார்.”

“அதான் போட்டிருக்கே!”

கைடு மேடம் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்துப் புரையேறினார். நான் நிதானமாக நின்றேன். (கால் நகரவில்லை.) பேராசிரியர் சிரிக்கவில்லை. “உங்க மாடலுக்கு இந்த மேடு பள்ளம் தெரியுமா?”

“தெரியாது, சார். வழுவழுப்பான தகடுன்னு வச்சுக்கிட்டு...”

“ஊர்ல எந்தப் பாத்திரம்மா வழுவழுப்பா இருக்கு? இது பத்தாது. குழியும் கீறலும் இருந்தா எப்படி வெடிக்கும்னு மாடல்ல சேர்த்துக்கிட்டு வாங்க. கடைசி வாய்ப்பு.”

கல்யாண வீட்டில் நான் அழுததை அக்கா பிரிந்து போகும் துக்கம் என்று நினைத்து எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள்.

அதன்பிறகு தகடுகளோடு குறிஞ்சிப்பாடிக்கு நடையாய் நடந்தேன். மாமா கடை வாசலிலேயே மிஷினோடு காத்திருப்பார். “இன்னைக்கு லேசாவா, அழுத்தியா பாப்பா? ஜாஸ்தி ஆழம் வேணும்னா ஊசி மாத்தணும்.” அவர் குத்தக் குத்த, என் மாடல் மெதுவாக அந்தக் குழிகளைக் கற்றுக்கொண்டது. வெடிப்பு எந்தப் புள்ளியில் தொடங்கும் என்று ஒருவழியாகச் சரியாகச் சொல்ல ஆரம்பித்தது. குழு ஒப்புக்கொண்டது. ஆய்வேடும் எழுதி முடித்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வீடே கிளம்பி வந்தது. மாமா கஞ்சி போட்ட வேட்டியில் பின்வரிசை. தேர்வாளர் ஒரு படத்தில் நிறுத்தினார். “குழிகள் இவ்வளவு சீரா இருக்கே. யாரு போட்டது?”

தொழில்நுட்பமாக ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“நான்தாங்க!”

மாமா எழுந்து நின்று சபைக்கே கும்பிடு போட்டார். அரங்கம் சிரித்து முடித்துக் கைதட்டியது. எனக்குப் பட்டமும் கிடைத்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விசாரணை என்பதே செல்லாமல் போய்விட்டது. போன வாரம் புதுக் கண்ணாடி ஜாடி சமையலறையில் இரண்டாக உடைந்து கிடந்தது. “யாரு பண்ண வேல இது?” என்று அம்மா கத்த, எல்லா அறைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது:

“நான்தாங்க!”

உடைத்தது யார் என்று இதுவரை தெரியவில்லை.