சுண்டக்கறிக்கு மூலப்பத்திரம் கேட்ட கதை

ஒரே ஒரு மனிதனுக்கு அளவாகக் குழம்பு வைப்பது இயலாத காரியம். இருவருக்கு வைக்கலாம், இருபது பேருக்கும் வைக்கலாம். ஒருவனுக்கென்று முற்பட்டால் புளி கூடிவிடும், புளிக்கேற்ப நீர் கூடும், நீருக்கேற்பக் காரம் கூடும். முடிவில் அடுப்பைவிட்டு இறங்குவது ஒரு சிறு குடும்பத்துக்கான குழம்பாகவே இருக்கும். அந்தக் குடும்பத்தின் ஏனைய உறுப்பினர்களாக மறுநாளும் அதற்கு மறுநாளும் நானே அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது.

தென்காசியில் பத்திரம் எழுதுவது என் தொழில். இக்கதை நடந்த ஆண்டில் என் மகள் மீனா சார்ஜாவில் தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பயணம் கூடாதென்று மருத்துவர் அவளைப் படுக்கையில் கிடத்திவிட்டதால், மகள் தாய்வீட்டுக்கு வருவதற்கு மாறாகத் தாயே மகளிடம் போக நேர்ந்தது. என் மனைவி செண்பகம் புறப்பட்டுப் போனாள். வீட்டின் சுவர்களும் நானும் இங்கே தங்கிவிட்டோம்.

அதற்குச் சற்று முன்னர்தான் என் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பது தெரியவந்திருந்தது. மீனா படுத்த இடத்திலிருந்தே என் கைபேசியில் ஒரு செயலியை ஏற்ற வைத்தாள். உண்பதையெல்லாம் அதில் எழுத வேண்டும். அது கலோரிகளைக் கூட்டி, வரம்புக்குள் இருந்தால் பச்சையும் மீறினால் சிவப்பும் காட்டும். அந்நிறம் அவளுடைய கைபேசியிலும் தெரியும். திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் செண்பகம் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவே:

"தொடர்ந்து செவப்பு விழுந்துதுன்னா நான் அங்கன இருக்க மாட்டேன், கேட்டியளா? பிள்ளைத்தாச்சிய விட்டுட்டு அடுத்த பிளைட்டுல ஏறிருவேன்."

மகளுக்குத் தாய் வேண்டும். தாய் அங்கே இருக்க, என் கணக்கு இங்கே சரியாக இருக்க வேண்டும். எல்லை பிசகாமல் நிலத்தை எழுதிப் பழகியவனுக்குச் சோற்றை எழுதுவதா கடினம் என்று எண்ணினேன். (நெனப்புதான்!)

சோறு எளிது. மிச்சக் குழம்புதான் வில்லங்கம். ஞாயிற்றுக்கிழமை வைத்த புளிக்குழம்பு, சூடுபடுத்தும் தோறும் வற்றுகிறது. நீர்தான் போகிறது, எண்ணெயும் பருப்பும் போவதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கரண்டியும் புதன்கிழமைக் கரண்டியும் ஒன்றல்ல. இந்த உண்மை விளங்கிய நாளில் நான் ஒரு தராசு வாங்கினேன். சட்டியைச் சூடாக்குமுன் எடையிட்டேன், சூடாக்கியபின் எடையிட்டேன், வெறுஞ்சட்டியின் எடையைக் கழித்தேன், மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கையையும் எடையிட்டுக் கழித்தேன். அந்தச் சக்கையை நான் எடையிடும் காட்சியைக் காண வீட்டில் எவரும் இல்லாதது அப்போது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

மாலைதோறும் செயலி, "இன்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கும். அக்கேள்வியை என்னிடம் கேட்பதற்கு அந்நாளில் வேறொருவரும் இல்லையாகையால், நான் முழு வாக்கியங்களாகவே விடை எழுதிவந்தேன். (செயலியின் கட்டத்தில் உணவின் பெயர் மட்டும் போதுமாம். யார் சொன்னா?)

இப்படிப் பச்சையாகவே நாள்கள் சென்றுகொண்டிருக்கையில், ஆனி மாதத்தில் பக்கத்து வீட்டில் கல்யாணம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி, இரும்புக்கடை உரிமையாளர். அவருடைய ஒரே மகளைச் சுரண்டையில் கொடுத்தார்கள். கல்யாணச் சாப்பாட்டில் எனக்குச் சிக்கல் எழவில்லை. இலையில் ஒவ்வொன்றும் தனித்தனியே இடம்பிடித்து உட்கார்ந்திருந்ததால் ஒவ்வொன்றாக எழுதிவிட்டேன்.

மறுநாள்தான் சுண்டக்கறி வந்தது. கல்யாண வீட்டில் மீந்த சாம்பார், அவியல், கூட்டு, புளிக்குழம்பு யாவற்றையும் ஒரே உருளியில் கொட்டி, நீர் சுண்டும்வரை அடுப்பில் வைத்து, மறுநாள் தெருவில் வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் ஒரு தூக்குவாளி வந்தது. காலையிலேயே தயிர்ச்சோற்றுக்குத் தொட்டு உண்டேன். பிறர் கையால் சமைத்த உணவு நெடுநாள்களுக்குப்பின் என் நாவில் பட்டது. கண் கலங்கியதற்கு மிளகாய் வற்றலைக் காரணமாகக் கொண்டேன்.

பிறகு எழுத உட்கார்ந்தேன். செயலிக்குச் சுண்டக்கறி என்பதே தெரியவில்லை. மூலப்பத்திரம் இல்லாத சொத்தை நான் எவ்வாறு எழுதுவேன்? அந்தக் கறிக்குள் எத்தனை கறிகள் வந்து சேர்ந்தன, எது எவ்வளவு என்று விசாரிக்காமல் விடுவதில்லையென்று சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சென்றேன். என் முகம் இயல்பிலேயே வில்லங்கச் சான்று படிக்கும் முகம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் மதினி வாசலுக்கு வந்தார்.

"மதினி, காலையில குடுத்தீயளே சுண்டக்கறி, அதுல என்னென்ன கிடந்துச்சு?"

"எல்லாந்தான் தம்பி. மிஞ்சுனது அம்புட்டும்."

"அவியல் எவ்வளவு? என்ன எண்ணெய்? எம்புட்டு நேரம் அடுப்புல கிடந்துது?"

மதினியின் முகம் மாறியது. "ஏன் தம்பி, ஒங்களுக்கு என்ன செய்யுது?"

"இப்ப ஒண்ணும் சொல்லுததுக்கில்ல. ராத்திரிதான் தெரியும். சார்ஜாவுக்கு வேற தெரிஞ்சிரும்," என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். உருளியில் இருந்த மொத்தத்தில் என் பங்கு எவ்வளவு என்று கணக்கிட வேண்டியிருந்ததால், "மீதி யார் யாருக்குப் போயிருக்கு?" என்றும் கேட்டேன்.

"ஐயோ, சம்பந்தியூட்டுக்கு ஒரு குத்துப்போணி நெறயக் குடுத்துவிட்டேனே! குளிச்சிட்டுச் சாப்பிடுங்கன்னு குற்றாலத்துக்குக் குடுத்துவிட்டேனே!" என்று மதினி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

நான் கலோரி என்னும் சொல்லைத் தேடி எடுப்பதற்குள் அண்ணாச்சி வெளியே வந்து, "குளிக்கப் போனவுக போன எடுக்க மாட்டேங்காவ. மொதல்ல குற்றாலம், பொறவு ஆஸ்பத்திரி" என்று என் கையைப் பற்றி, ஆட்டோவில் ஏற்றித் தாமும் ஏறிக்கொண்டார். "அண்ணாச்சி, எனக்கு ஒண்ணுமில்ல" என்று வழிநெடுகச் சொன்னேன். "பேசாம வாரும்வே. பேசுனாத் தெம்பு போயிரும்" என்று அவர் சோடாப் புட்டியை என் வாயில் வைத்தார். நானும் குடித்தேன். (அதுக்கும் கணக்கு எழுதணுமேன்னு கவல வேற.)

ஐந்தருவியில் நல்ல சாரல். மாப்பிள்ளை வீட்டார் குளித்து முடித்து, வேன் அருகே நனைந்த தலையோடு இலைபோட்டு அமர்ந்திருந்தார்கள். அருவிக் குளியலுக்குப்பின் வரும் பசி எத்தகையது என்பதை அறிந்தவர் அறிவர். போணியைத் திறந்து முதல் கரண்டியை அள்ளும் நேரத்தில் அண்ணாச்சி பாய்ந்தார்.

"யாரும் வாயில வைக்காதீய!"

போணியைப் பறித்து அப்படியே தரையில் கவிழ்த்தார். குற்றாலத்துக் குரங்குகளுக்கு அழைப்பு தேவையில்லை. ஒரு குடும்பமே மரத்திலிருந்து இறங்கிவந்து, எதையும் எடையிடாமல் உண்ணத் தொடங்கியது.

"என்ன சம்பந்தி, என்ன ஆச்சு?" என்று மாப்பிள்ளையின் தந்தை எழுந்தார்.

"கறி கெட்டுப்போச்சு சம்பந்தி. இந்தா நிக்காருல்லா ரைட்டரு, இவருக்குக் காலையிலருந்து பேதி."

புதுப்பெண் உட்பட எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பேதி இல்லை," என்றேன்.

"பின்ன?"

"கலோரி."

விளக்கினேன். தராசு, சட்டி, முருங்கைச் சக்கை வரை விளக்கினேன். பிறகு மாப்பிள்ளையின் அத்தை எழுந்தார்.

"குடுத்த கறியப் புடுங்கி கொரங்குக்குப் போடுததுக்கா தென்காசியிலருந்து ஆட்டோ புடிச்சு வந்தீய? மொத நாளே இந்த மரியாதையா? நல்ல எடத்துலதான் பொண்ணு எடுத்திருக்கோம்!"

புதுப்பெண் ஈரத்தலையோடு தகப்பனைப் பார்த்தாள். அழுகை பொங்கி நின்றது. அவ்வேளையில் என் கைபேசி ஒலித்தது. செண்பகம். நான் சற்று விலகி நின்று எடுத்தேன்.

"பேச்சியம்மா மதினி எல்லாஞ் சொன்னாவ. எந்த ஆஸ்பத்திரியில கிடக்கீய? உண்மையச் சொல்லுங்க."

"குற்றாலத்துல நிக்கேன்."

"பேதிய வச்சிக்கிட்டுக் குற்றாலத்துல என்ன சோலி?" குரல் உடைந்தது. "மீனா மாப்ளைட்ட டிக்கெட்டுப் பாக்கச் சொல்லியாச்சு. வரட்டுமா?"

அவளுக்குப் பின்னால், "அப்பாக்கு என்னம்மா?" என்று மீனா கேட்பது என் காதில் விழுந்தது.

'வா' என்பது ஓரெழுத்துச் சொல். அது நாவின் நுனிவரை வந்துவிட்டது. வந்தால் அந்தச் சட்டியில் இருவருக்கு அளவாகக் குழம்பு கொதிக்கும், மிச்சம் வராது, தராசைப் பரணில் போடலாம். இவ்வளவையும் நினைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. அவ்வளவு நேரமும் அவள் காத்திருப்பாள் என்று ஏனோ நம்பிக்கொண்டு நின்றேன்.

"வேண்டாம்," என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல. பிள்ளையப் பாத்துக்கோ."

திரும்பி வந்தபோது காட்சி மாறியிருந்தது. மாப்பிள்ளையின் தந்தை இடுப்பில் கைவைத்துக் குரங்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழட்டுக் குரங்கு அவியல் துண்டை எடுத்து விரலை நக்கிக்கொண்டிருந்தது.

"அத்தே, அவன் நக்குத நக்கப் பாருங்க," என்று தம் தங்கையைப் பிள்ளைகள் விளிக்கும் முறையில் கேலியாக அழைத்துச் சிரித்தார். "கறி நல்ல கறிதான்வே சம்பந்தி. நமக்குக் குடுத்துவைக்கல. ஏத்தும் எல்லாரையும் வேன்ல, புரோட்டாக் கடைக்கு!" புதுப்பெண்ணும் சிரித்துவிட்டாள். அண்ணாச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. என்னையும் அழைத்தார்கள். எந்த முகத்தோடு போவது? பேருந்தில் ஊர் திரும்பினேன்.

அன்றிரவு தூக்குவாளியில் எஞ்சியிருந்ததை எடையிடாமல் உண்டேன். செயலியில் "மிகுதி" என்று எழுதினேன். சிவப்பு விழுந்தது. ஒரு நாள் சிவப்புக்கு எவரும் விமானம் ஏறுவதில்லை.

அதன்பின் மதினி பயந்துபோய், என் வீட்டுக்கு ஒரு கரண்டி கூட்டும் கொடுத்தனுப்பவில்லை. தாளிக்கும் மணம் மட்டும் மதிலேறி வரும். அதற்குக் கலோரி இல்லை. ஆகவே என் கணக்கு அப்பழுக்கற்றதாயிற்று. மீனாவுக்குப் பெண் பிறந்தது. "அங்கதான் எல்லாம் பச்சையா இருக்கே" என்று செண்பகத்தை அவர்கள் மேலும் சில மாதம் நிறுத்திக்கொண்டார்கள்.

இன்றும் அண்ணாச்சி, சம்பந்தி ஆகிய இரு வீட்டு விசேடங்களில் நான் பந்தியில் அமர்ந்தால், "ஏலே, ரைட்டருக்குத் தராசு வச்சிட்டுப் பொறவு எலையப் போடுங்கலே!" என்று சுரண்டைச் சம்பந்தி குரல் கொடுப்பார். உடனே யாராவது குரங்கிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். முடித்துவைப்பது எப்போதும் செண்பகம்தான்.

"அதெல்லாம் கெடக்கட்டும். பதறிப்போயி வரட்டுமான்னு கேக்கேன், மனுசன் யோசிக்கக்கூட இல்ல. வேண்டாம்னு வெட்டுனாப்புல சொல்லிட்டாவ. நான் இல்லாம அம்புட்டுச் சொகமா இருந்திருக்காவ!"

பந்தி முழுதும் சிரிக்கும். நானும் இலையைப் பார்த்தபடி சிரிப்பேன்.